கைவாகு: நகம், ஆமை ஓடு, ஆறு பென்ஸ்



நம் வளாகத்தில் கிட்டார் பழகும் பிள்ளைகள் இப்போது அதிகம். மாலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், எந்த பிளாக் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து தந்திச் சத்தம் வருகிறது. அதனால் இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்குக் கோயில், குளம், தெருப்பெயர் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கிட்டாரில் இரண்டே இரண்டு சின்ன விஷயங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, வலது கையில் பிடித்துத் தந்தியை மீட்டும் சிறு வில்லை. அதை 'பிக்' என்பார்கள். மற்றது, இடது கை பற்றிக்கொள்ளும் கழுத்து. வீணையில் தண்டி என்கிறோமே, அதுதான் இங்கே 'நெக்'.

இந்த இரண்டிலும் கலைஞர்களுக்கு இருக்கும் பிடிவாதம் வெளியாளுக்கு வேடிக்கையாகத் தெரியும். பிக் கால் மில்லிமீட்டர் கனம் கூடினால் கை ஓடவில்லை என்பார் ஒருவர். கழுத்து சற்றே பருத்திருந்தால் லட்ச ரூபாய் கிட்டாரையும் தொட மாட்டேன் என்பார் இன்னொருவர். நமக்கும் இது புதிதில்லை. அரிவாள்மனை மாறினால் கீரை ஆய முடியாது என்கிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறோம். வங்கியில் நோட்டு எண்ணும் காசாளர்களில் சிலர் ஈர ஸ்பாஞ்சைத் தொட்டுக்கொண்டு எண்ணுவார்கள், சிலர் விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொள்வார்கள். மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், ஒரு கட்டு முடிவதற்குள் இரண்டு தடவை கணக்குத் தப்பும். கைவாகு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

என் கேள்வி அந்தக் கைவாகு எங்கிருந்து வந்தது என்பது. கலைஞர் தாமாகத் தேர்ந்தெடுத்ததா? அல்லது கடையில் கிடைத்தது, தொழிற்சாலை செய்து தள்ளியது, சட்டம் விட்டுவைத்தது ஆகியவற்றுக்குக் கை பழகிப் போனதா? நான் வணிகவியல் படித்தவன் என்பதால் இரண்டாவது பக்கமே சாய்கிறேன். ஆனால் கணக்கு முழுவதும் அப்படி முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிக் பிரச்சினைக்கு முன்பே நகப் பிரச்சினை இருந்தது. 1820-களின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் ஸ்பெயின் நாட்டு கிட்டார் மேதைகள் இருவர் இருந்தார்கள். ஃபெர்னாந்தோ சோர், தியோனிசியோ அகுவாதோ. நெருங்கிய நண்பர்கள். சோர் விரல் நுனிச் சதையால் மட்டுமே மீட்டுவார். அகுவாதோ நகத்தால் மீட்டுவார். 1830-இல் சோர் வெளியிட்ட பாட நூலில் நக வாசிப்பைப் பற்றி நல்ல வார்த்தை கிடையாது. நகத்தால் வரும் ஒலியில் மென்மையும் நயமும் இல்லை என்பது அவர் கட்சி. நண்பருக்கு மட்டும் விலக்கு அளித்தார். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே ஓர் இசையும் எழுதி, அதற்கு 'இரு நண்பர்கள்' என்று பெயர் வைத்தார். அகுவாதோவும் பெரிய மனிதர்தான். தம் பிற்காலப் பாட நூலில், சோரின் வாசிப்பைக் கேட்டபின் கட்டைவிரலில் நகத்தைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டதாக எழுதினார். மற்ற விரல்களில் நகம் இருந்தது. பாதி சமரசம்!

நட்பில் முடிந்த அந்தப் பேச்சு அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை. ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ தாரெகா வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் நகத்தைக் கைவிட்டுச் சதைக்கு மாறினார். அவருடைய சீடர் எமிலியோ புஹோல் அதையே வேதமாகக் கொண்டு இந்த ஒரு விஷயத்துக்காகத் தனி நூலே எழுதினார். அவர்களுக்குப் பின் உலகம் முழுவதும் கச்சேரி செய்த ஆந்த்ரே செகோவியா நகமும் சதையும் சேர்ந்த வாசிப்பைக் கையாண்டார். பெரிய அரங்குகளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே. 1940-களில் ஆட்டுக்குடல் தந்தியின் இடத்தில் நைலான் தந்தி வந்தது. இன்று கச்சேரி மேடையில் பெரும்பாலோர் நகக் கட்சிதான். சோரின் வாதம் தோற்றது என்று சொல்வதைவிட, அரங்கம் பெரிதாகிவிட்டது என்று சொல்வதே பொருத்தம்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனால் கதை வேறு. அங்கே மாண்டலினும் பாஞ்சோவும் இரும்புத் தந்தியோடு கொடிகட்டிப் பறந்தன. கிட்டாருக்கும் இரும்புத் தந்தி வந்தது. இரும்பில் நகம் நிற்காது, வில்லை வேண்டும். அந்த வில்லைக்குச் சிறந்த பொருள் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டது ஆமை ஓடு.

எல்லா ஆமையும் இல்லை. கழுகு மூக்குப் போல வளைந்த வாயுடைய ஒரு கடலாமை. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு, அழுங்காமை என்பார்கள். அதன் முதுகில் பெரிய தகடுகள் 13 இருக்கும். தேன் நிறமும் கருப்பும் கலந்த அந்தத் தகடு சூடுபடுத்தினால் இளகும், அழுத்தினால் ஒட்டும், மெருகிட்டால் கண்ணாடி போல் மின்னும். தந்தியில் படும்போது தேய்மானம் குறைவு, கீச்சென்ற சத்தமும் குறைவு. இதற்கு வியாபாரம் நேற்று வந்ததல்ல. கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், நம் தென்னிந்தியக் கரையோரத் தீவுகளில் கிடைத்த ஆமை ஓடும் ஏற்றுமதிச் சரக்காகப் பதிவாகியிருக்கிறது. மிளகு, முத்து, தந்தம் என்று போகிற பட்டியலில் அதுவும் ஒரு வரி.

சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி என்று உலகமே இந்த ஓட்டைக் கேட்டது. 1844 முதல் 1992 வரை ஏறத்தாழ 90 லட்சம் அழுங்காமைகள் இந்த வணிகத்துக்குப் பலியாகியிருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கிட்டார் பிக் அதில் ஒரு சிறு துளி என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சீப்புக்கு ஆகும் ஓட்டில் பல பிக்குகள் வெட்டலாம். ஆனால் கலைஞரின் கைவாகு என்று நாம் ரசனையோடு பேசுகிற ஒன்றின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு செலவுக் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது.

ஓட்டின் விலை ஏறும்போது போலி பிறக்கும். தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய காலத்தில், 1870-ஐ ஒட்டி, அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயட் செல்லுலாய்டு என்ற பொருளை உருவாக்கினார். பஞ்சு நாரை அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் சேர்த்தது. பழைய சினிமாச் சுருள் அதுதான். சில ஆண்டுகள் முன்புவரை நம் பிள்ளைகள் ஆடிய டேபிள் டென்னிஸ் பந்தும் அதுதான். சீக்கிரம் தீப்பிடிக்கும். ஆனால் ஆமை ஓட்டின் நிறத்தையும் புள்ளிகளையும் அச்சாக அதில் கொண்டுவந்துவிடலாம்.

1922-இல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா என்றொருவர் தெருவோர விற்பனையில் செல்லுலாய்டு தகடுகளையும், அதை வெட்டும் சில அச்சுகளையும் மலிவாக வாங்கினார் என்று அந்தக் குடும்பத் தொழிலின் கதை சொல்கிறது. முகப்பவுடர் பஞ்சுக்கு அலங்காரமாக இதய வடிவத் துண்டுகள் வெட்டுகிற அச்சுகள் அவை. வெட்டிய துண்டுகளைப் பார்த்த அவருடைய மகன், இது மாண்டலின் பிக் போல இருக்கிறதே என்றானாம். கடையில் கொண்டுபோய்க் காட்ட, வாங்கிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் கிட்டார் பிக் என்றதும் மனதில் வருகிற முனை மழுங்கிய முக்கோண வடிவத்துக்கு 351 என்று பெயர். அது டி'ஆண்ட்ரியா பட்டியலின் சரக்கு எண். பெரிய முக்கோணம் 346, சிறு துளி வடிவம் 358. ஒரு மனிதர் தமக்கு 351-தான் ஒத்துவரும் என்று சொல்லும்போது, அவர் தம் ரசனையைச் சொல்கிறாரா, ஒரு நியூயார்க் வியாபாரியின் சரக்கேட்டைப் படிக்கிறாரா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

விளம்பரமும் அப்போதே வந்துவிட்டது. 1920-களில் கிட்டாரோடு பாடிப் புகழ்பெற்ற நிக் லூகாஸ் பெயரில் கிப்சன் கம்பெனி ஒரு கிட்டாரையே விற்றது. அவர் பெயர் பொறித்த பிக்குகளும் விற்றன. வாங்கியவர்கள் கை நிக் லூகாஸ் கை ஆகவில்லை என்றாலும், அந்த வடிவத்துக்குப் பழகியது.

1970-களில் அழுங்காமைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டம் 1973-இல். உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அழுங்காமை உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஓட்டுக்குப் பழகிய கைகள் என்ன செய்யும்? மாற்றுத் தேடின. கலிஃபோர்னியாவில் ஸ்காட்லாந்துக்காரரான ஜிம் டன்லப் நைலானில் செய்து கனத்தை எண்ணாகவே அச்சிட்டார். 1981-இல் ஆமை ஓட்டின் தன்மையை நினைவூட்டும் ஒரு புதுப் பிளாஸ்டிக்கில் 'டார்டெக்ஸ்' பிக்குகளைக் கொண்டுவந்தார். அதில் கனத்துக்கு ஒரு நிறம். சிவப்பு 0.50 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. கலைஞர்கள் அதன்பின், நான் பச்சை, அவர் மஞ்சள் என்று கட்சிக்கொடி போலச் சொல்ல ஆரம்பித்தார்கள். விண்வெளிக் கருவிகளில் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்து ஒரே ஒரு பிக்கை 35 டாலருக்கு மேல் விற்கிற கம்பெனியும் இருக்கிறது. சோபா இடுக்கில் விழுந்தால் தூக்கம் வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் இன்றும் மலிவாகக் கிடைக்கிற செல்லுலாய்டு பிக்கில் அந்தத் தேன் நிறமும் கரும்புள்ளியும் அப்படியே இருக்கின்றன. ஆமை போய்விட்டது, புள்ளி போகவில்லை.

இதுவரை நான் சொன்னது என் கட்சிக்குச் சாதகமான சான்றுகள். எதிர்ச்சான்றுகளும் உண்டு, அவைதான் இன்னும் சுவையானவை.

குடியிருப்போர் சங்கத்தின் பத்திரிகையில் வெஸ் மாண்ட்கோமரியைச் சொல்லாமல் விடக்கூடாது. இண்டியானாபொலிஸ் நகரத்துக்காரர், 1923-இல் பிறந்தவர். 19 வயது வாக்கில் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டு மின் கிட்டார் வாங்கினார். பகலில் தொழிற்சாலை வேலை, பிள்ளைகள் நிறைந்த வீடு. பயிற்சிக்குக் கிடைத்தது இரவு நேரம்தான். பிக்கைப் பிடித்து ஆம்ப்ளிஃபயரில் வாசித்தால் பக்கத்து வீட்டார் குறை சொன்னார்கள். பின்னறைக்குப் போய், பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மெதுவாகத் தடவி வாசித்துப் பார்த்தார். அந்த ஒலி அவருக்குப் பிடித்துப் போயிற்று. 1960 ஜனவரியில் ரிவர்சைட் கம்பெனிக்காக அவர் பதிவுசெய்த இசைத்தட்டிலிருந்து ஜாஸ் உலகமே அந்தக் கட்டைவிரலைப் பற்றிப் பேசியது. வட்டமான, வெல்வெட் போன்ற நாதம். பிக் வைத்து அதைக் கொண்டுவர முயன்றவர்கள் ஏராளம். நம் பொதுக்குழுவில் சத்தம் பற்றிப் புகார் எழுதுகிற நண்பர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் புகார் செய்தவர்கள் வீட்டிலிருந்து எந்த மேதையும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ஜெஃப் பெக் பாதி வாழ்க்கை பிக்கோடு வாசித்துவிட்டு, 1980-களில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலுக்கு வந்தார். அயர்லாந்தின் யூ டூ குழுவில் 'தி எட்ஜ்' என்று அழைக்கப்படுபவர் பிக்கைத் திருப்பிப் பிடிப்பார். நழுவாமல் இருக்க விரல் பிடிக்கும் இடத்தில் சிறு மேடுகள் இருக்கும் அல்லவா, அந்த மேட்டைத் தந்தியில் உரசுவார். செய்தவன் ஒன்று நினைக்க, கை வேறொன்று செய்கிறது.

எனக்குப் பிடித்தவர் பிரையன் மே. குவீன் குழுவின் கிட்டார் கலைஞர், பிற்பாடு வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். அவர் பிக்கே பயன்படுத்துவதில்லை. ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். வளைகிற பிளாஸ்டிக் பிக்குகள் தமக்கும் தந்திக்கும் நடுவே நின்று தடுப்பதாக அவர் உணர்ந்தார். வளையாத ஒன்று வேண்டும், அதேநேரம் தந்தியைக் கெடுக்காத அளவு மென்மையாகவும் இருக்க வேண்டும். ஆறு பென்ஸ் 19.4 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.83 கிராம் எடை. 1947-க்கு முன் பாதி வெள்ளி கலந்தது, பிறகு செம்பும் நிக்கலும் கலந்தது. விளிம்பில் வரிவரியாக வெட்டு உண்டு. நேராகப் பிடித்தால் நாதம் சுத்தம். சற்றே சாய்த்தால் விளிம்பு வெட்டுகள் தந்தியில் உரசி, மெய்யெழுத்து உச்சரிப்பது போல ஒரு கரகரப்பு கிடைக்கும்.

நாணயக் கதை கூடுதலாக ஒரு வரி, பழக்கதோஷம். பிரிட்டன் 1971-இல் தசம முறைக்கு மாறியபோது இந்த நாணயம் இரண்டரைப் புதுப் பென்ஸ் மதிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1980 ஜூன் 30-ஓடு செல்லாக்காசு ஆனது. நம் நாலணா செல்லாமல் போனதும் ஒரு ஜூன் 30, 2011-இல். அரசாங்கம் கைவிட்ட நாணயம் மேயின் விரலிடுக்கில் மட்டும் புழக்கத்தில் இருந்தது. 1993-இல் அவருடைய தனிக் கச்சேரிப் பயணத்துக்காக, அவர் உருவம் பொறித்து ராயல் மின்ட்டே சிறப்பு ஆறு பென்ஸ்கள் அடித்துக் கொடுத்தது.

மே பிடிக்கும் கழுத்தும் கடையில் வாங்கியதல்ல. 1963-இல் பதினாறு வயதில், ஃபெண்டர் கிட்டார் வாங்கக் காசில்லாமல், தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு எடுத்தது பழைய வீடொன்றின் கணப்படுப்பைச் சுற்றியிருந்த மரச்சட்டம். நூறு வயதுக்கு மேற்பட்ட மரம், பூச்சி அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சி வைத்து அடைத்தார். மொத்தச் செலவு 8 பவுண்டு அளவில். கழுத்து நல்ல பருமன். எந்தக் கம்பெனியும் அந்தப் பருமனில் அப்போது விற்றிருக்காது. அந்தக் கிட்டாரைத்தான் அவர் இன்றும் வாசிக்கிறார்.

இனிக் கழுத்துக்கு வருவோம். வாழைத்தண்டை நறுக்குவது போலக் கிட்டார் கழுத்தைக் குறுக்கே நறுக்கினால் ஒரு வடிவம் தெரியும். மேல்பக்கம் தட்டை, அதில்தான் மெட்டுகள் பதிந்திருக்கும். அடிப்பக்கம் வளைவு. ஆங்கில எழுத்துகளை வைத்து அந்த வளைவுக்குப் பெயர் சொல்கிறார்கள். 'சி' என்றால் பொதுவான வளைவு. 'டி' சற்றுத் தட்டை. 'யு' பருத்துத் தோள் உயர்ந்தது. 'வி' நடுவில் படகின் அடிமரம் போல முதுகெலும்பு உள்ளது.

எது நல்லது என்பது கையை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்பானிய சாஸ்திரிய முறையில் கட்டைவிரல் கழுத்தின் பின்னாலேயே நிற்கும். அதற்கு அகலமான, தட்டையான கழுத்து வசதி, மேல்முனையில் 52 மில்லிமீட்டர் வரை இருக்கும். புளூஸ், ராக் வாசிப்பவர்கள் கோடாலிக் காம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக் கட்டைவிரலை மேலே கொண்டுவருவார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அந்தக் கட்டைவிரலாலேயே தடித்த தந்தியை அழுத்துவார். அவர்களுக்கு 42 மில்லிமீட்டர் போதும். வி வடிவத்தின் முதுகெலும்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போய் உட்காரும்.

ஆனால் அந்த வி வடிவம் கட்டைவிரலுக்காகப் பிறந்ததல்ல. தந்திகளின் இழுவை கழுத்தை முன்னால் வளைக்கப் பார்க்கும். அதைத் தாங்க நடுவில் மரம் கனமாக இருக்க வேண்டும். அதனால் பழைய கழுத்துகள் பருமனாகவும் வி-ஆகவும் இருந்தன. மிச்சிகன் மாநிலம் கலமாஸூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் தாடியஸ் மக்ஹியூ என்ற ஊழியர், கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்றைப் பதித்து முறுக்கிச் சரிசெய்யும் முறையைக் கண்டுபிடித்தார். 1923-இல் காப்புரிமை கிடைத்தது. கழுத்து மெலிய முடிந்தது அதற்குப் பிறகுதான். இரண்டாம் உலகப்போரில் இரும்புக்குக் கட்டுப்பாடு வந்தபோது அதே கிப்சன், ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் பெரும்பாலும் பெண்களை வைத்துக் கிட்டார் செய்தது. அவற்றில் சில கம்பியில்லாமல் வந்தன, கழுத்து மறுபடி பருத்தது. தட்டுப்பாட்டில் பிறந்த அந்தப் பருமனை இன்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று என்பேன். கழுத்தை ஒட்டாமல் நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கினார். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம், சைக்கிள் உதிரிபாகம் போல. 1950-இல் வந்த முதல் கிட்டார்களில் கழுத்து உருட்டுக்கட்டை போலப் பருமன். 1955 முதல் 1957 வரை மெல்லிய வி. அதற்குப் பின் இன்னும் மெலிந்து சி. இயந்திரம் முரட்டு வடிவம் கொடுத்ததும் கடைசி வளைவை ஊழியர் கையால் தேய்ப்பார். 1950-களில் அங்கே வேலை பார்த்த டாடியோ கோமெஸ் தாம் தேய்த்த கழுத்துகளின் அடிப்பாகத்தில் தேதியையும் பெயரின் முதலெழுத்துகளையும் பென்சிலால் எழுதுவார். கழற்றினால்தான் தெரியும். அந்தப் பென்சில் எழுத்து இருந்தால் இன்று கிட்டாரின் விலையே கூடுகிறது. அப்படியானால் 1956-ஆம் வருடத்துக் கழுத்து என்று வாசிப்பவர்கள் உருகுவது உண்மையில் ஒரு தொழிலாளியின் கைவாகுக்குத்தான்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 1960-களில் ஃபெண்டர் கழுத்தின் அடியில் ஏ, பி, சி, டி என்று முத்திரை குத்தினார்கள். அது வளைவின் வடிவம் அல்ல, மேல்முனையின் அகலம். ஏ ஒன்றரை அங்குலம், பி ஒன்றரையே அரைக்கால், சி ஒன்றே முக்கால், டி ஒன்றே முக்காலே அரைக்கால். பழைய கிட்டார் விற்கிறவர்களே இதைத் தெரியாமல் மாற்றிச் சொல்வதுண்டு. 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்குப் பின் வந்த கழுத்துகளைப் பற்றிப் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல நான் தயாரில்லை. முதலாளி மாறினால் பழைய வாடிக்கையாளருக்குக் கவுண்ட்டர் மேஜைகூடக் கோணலாகத் தெரியும்.

கிப்சன் பக்கம், 1958 முதல் 1960 வரை வந்த சூரிய அஸ்தமன நிற லெஸ் பால் கிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள், அதுவும் சரியாக விற்கவில்லை. பொதுவாக 1958 பருமன், 1959 நடுத்தரம், 1960 மெலிவு என்பார்கள். அந்த நடுத்தரக் கிட்டார் இன்று பல லட்சம் டாலர். எல்லாக் கம்பெனியும் '59 கழுத்து' என்று விலைச்சீட்டு ஒட்டுகிறது. ஆனால் அளந்து பார்த்தால் 1959-ஆம் ஆண்டுக் கழுத்துகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கையால் தேய்த்தது எப்படி ஒத்துப்போகும்? 1987-இல் ஜப்பானின் ஐபனேஸ் இதற்கு நேர் எதிராகப் போய், வேகமாக வாசிக்கிறவர்களுக்காக முதல் மெட்டில் சுமார் 17 மில்லிமீட்டர் கனமே உள்ள கழுத்தைச் செய்தது. லெஸ் பாலில் அது 23-ஐ ஒட்டி இருக்கும். ஒரு பென்சில் கனத்துக்கும் குறைவான வித்தியாசம். இந்தப் பென்சிலுக்காகத்தான் இவ்வளவு சண்டை.

ஆன்லைனில் படம் பார்த்துப் பேரப்பிள்ளைக்குக் கிட்டார் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறத்தையும் பெயரையும் பார்க்காதீர்கள். பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போய் நாலைந்து கழுத்துகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுக் கை 52 மில்லிமீட்டர் கழுத்தில் தவித்து, எனக்கு சங்கீதம் வராது என்று முடிவு கட்டிவிடும். பிக் ஒன்று பத்து, இருபது ரூபாய்தான். மெலிது, நடுத்தரம், கனம் மூன்றையும் வாங்கிக் கொடுங்கள். எது மேஜையில் மிஞ்சுகிறது, எது அடிக்கடி தொலைகிறது என்று பாருங்கள். தொலைவதுதான் பயன்பாட்டில் இருப்பது.

கடைசியாக எரிக் கிளாப்டன். 1966-இல் ஜான் மேயால் குழுவில் வாசித்தபோது அவர் கையில் இருந்தது மெல்லிய கழுத்துள்ள 1960 வாக்கிலான லெஸ் பால். அது திருட்டுப் போனது. 1970-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றில், யாரும் சீந்தாமல் கிடந்த 1950-களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறை, ஒன்று நூறு டாலர் அளவில் வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்சென்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகிய நண்பர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். மீதி மூன்றைப் பிரித்து, நல்ல உறுப்புகளை மட்டும் எடுத்து ஒன்றாக மாட்டினார். நான்கு ஸ்குரூ வேலை என்பதால் முடிந்தது. அவர் தேர்ந்த கழுத்து அந்த மெல்லிய வி. கருப்பு நிறம் என்பதால் 'பிளாக்கி' என்று பெயர். 1973 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை அதையே வாசித்தார். கழுத்து தேய்ந்து போனதால் ஓய்வு கொடுத்தார். 2004-இல் ஆன்டிகுவா தீவில் அவர் நிறுவிய போதை மீட்பு மையத்துக்காக ஏலம் விட்டபோது 9,59,500 டாலருக்குப் போயிற்று. வாங்கியது ஒரு கிட்டார் கடைச் சங்கிலி. இரண்டு ஆண்டு கழித்து ஃபெண்டர் கம்பெனி அதை அங்குலம் அங்குலமாக அளந்து 275 நகல்கள் செய்தது. பெயிண்ட் உதிர்ந்த இடம், தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட தழும்பு, கிளாப்டன் கை தேய்த்த கழுத்து எல்லாம் அப்படியே. 275-ம் விற்றுப் போயின.